இரவில் சாலையோரம் நின்றதற்காக ஒரு வழக்கு: எட்டு மாத அனுபவம்

பூ வியாபாரத்தில் இரவு என்பது தூங்குவதற்கான நேரம் அன்று. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விடியலில் சந்தைக்கு வந்து சேரும் என்றால், ஓசூர் ரோஜா அதற்கு முன்பே, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ, ஆம்னி பேருந்தின் அடிவயிற்றில் அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கும். திருநெல்வேலி செல்லும் அந்த வண்டி எங்கள் நகருக்குள் வராது. நான்குவழிச் சாலை பிரியும் இடத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காக நாங்கள் முக்கால் மணி நேரமாவது முன்னதாகப் போய் நிற்க வேண்டும். கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதும் நான் பதினொரு ஆண்டுகளாக இப்படித்தான் நின்றுவருகிறேன்.

2024 ஆவணியில், முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில், நானும் என் அக்கா மகனும் அவ்வாறு நின்றதற்காக எங்கள் மீது வழக்குப் பதிவானது. அந்த வழக்கு தொடங்கி முடிந்த எட்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, இரவில் வேலை பார்க்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஊரின் பெயரையோ காவல் நிலையத்தின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. யார் மீதும் பகை தீர்த்துக்கொள்ள இதை எழுதவும் இல்லை.

அன்று ரோந்து வாகனம் எங்கள் அருகே வந்து நின்றபோது மணி ஒன்று நாற்பது. இறங்கிய சிறப்பு சார்பு ஆய்வாளர், "இந்நேரத்துல இங்க என்னய்யா வேலை?" என்று கேட்டார். பூப்பெட்டி வர வேண்டும் என்று சொல்லி, பார்சல் பதிவான குறுஞ்செய்தியைக் காட்டினேன். அவர் அதைப் படிக்காமலே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் இருவர் முகத்தையும் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறச் சொன்னார். நாங்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் கையிலிருந்த என் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் "ஓசூர் வண்டி" என்று ஒளிர்ந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "ஐயா, டிரைவர்தான் கூப்பிடுறார், ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்றேன். மூன்று முறை அடித்து அது ஓய்ந்தது. கண்ணாடி வழியே பேருந்து வேகம் குறைத்து நிற்பதையும், கிளீனர் பையன் இறங்கி இரண்டு பக்கமும் பார்ப்பதையும், பிறகு ஏறிக்கொண்டு போவதையும் நானும் மருமகனும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆறு பெட்டி ரோஜா திருநெல்வேலி போய்ச் சேர்ந்தது. முகூர்த்தத்துக்கு மாலை கட்ட ஒப்புக்கொண்டிருந்த கடைக்காரர்களுக்குக் காலையில் என்ன பதில் சொல்வது என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மனதில் இல்லை.

நிலையத்தில் எங்களை யாரும் அடிக்கவில்லை, தகாத சொல்லும் பேசவில்லை; அதையும் சொல்ல வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டார்கள். நான் கேள்வி கேட்கத் தொடங்கியதும், "ரொம்பப் பேசுனா 109ல போட்டுருவேன்" என்று ஒரு ஏட்டையா சொன்னார். சந்தேகக் கேஸ் என்று ஊரில் சொல்லப்படுவது இதுதான். தன் இருப்பை மறைத்துக்கொண்டு குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் திரிகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், நன்னடத்தைக்கான பிணைப் பத்திரம் எழுதித் தருமாறு நிர்வாக நடுவர் கேட்க வழி செய்யும் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதன் எண் இப்போது 128. ஆனாலும் பேச்சில் 109 தான் நிலைத்திருக்கிறது. தெருவிளக்கின் கீழே, பார்சல் சீட்டோடு நின்றவன் தன் இருப்பை எப்படி மறைத்தவன் ஆவான் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மேலே பாதிக்கு மேல் நிரப்பப்படாமல் இருந்தது. தூக்கக் கலக்கத்திலும் பயத்திலும் நாங்கள் இருவரும் போட்டுவிட்டோம். இந்த எட்டு மாதங்களில் நான் செய்த ஒரே பெரிய தவறு இதுதான். வெற்றிடம் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், எழுத்து முடியும் இடத்திலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்துவிட்டு, தேதியும் நேரமும் எழுதிப் போடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எங்களை வெளியே விடும்போது, "சம்மன் வரும். கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிரு, அதோட முடிஞ்சுரும்" என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து அழைப்பாணை வந்தது. அதில் மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆவது பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தது. சென்னைக்கென 1888இல் இயற்றப்பட்டு, பின்னாளில் மதுரை, கோவை முதலிய மாநகரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட சட்டம் அது. பொது இடத்தில் குடித்துவிட்டோ, கலகம் செய்தோ, அநாகரிகமாகவோ நடந்துகொள்வதற்கான தண்டனையை அந்தப் பிரிவு சொல்கிறது. என் வாழ்நாளில் நான் மது தொட்டதில்லை. ஆயினும், பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கூலியோடு போகட்டும் என்று பலரும் நினைப்பதைப் போலத்தான்.

என்னைத் தடுத்தது அக்காதான். மருமகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அதிகாலையில் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு, மைதானத்தில் ஓடிவிட்டு, பகலில் நூலகத்தில் உட்காரும் பையன் அவன். "நீ கட்டிருவடா தம்பி, இவன் பேருக்குக் கேஸ் நிக்குமே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர்க்கும், காவலில் இருப்பவர்களுக்கும், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் உள்ளவர்களுக்கும் அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வருமானச் சான்றைக் காட்டிய பிறகு எங்களுக்கு ஒரு பெண் வழக்கறிஞரை நியமித்தார்கள்.

அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது, வாகன நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்குவதைப் போன்றதன்று. நீதிமன்றம் ஒப்புக்கொண்டவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டித்ததாகவே அது பதிவாகும். பாஸ்போர்ட்டுக்கு அது பெரிய தடையாகாது. அங்கே இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைதான் கணக்கு. ஆனால் காவலர் பணியின் நிலை வேறு. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில், தண்டிக்கப்பட்டவர் இருக்கட்டும், 'சந்தேகத்தின் பலன்' அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்று விளக்கம் இருக்கிறது. "அதனால விடுதலை வாங்குறது மட்டும் போதாதுண்ணே, எந்த வார்த்தையில வாங்குறோம்கிறதும் முக்கியம்" என்றார் அவர். படிவத்தில் மறைத்துவிடலாமே என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்ன யோசனையையும் அவரிடம் கேட்டேன். இவ்வாறான விவரங்களை மறைப்பது குறித்து உச்ச நீதிமன்றம் 2016இல் விரிவாகத் தீர்ப்பளித்திருப்பதாகவும், சிறு வழக்கைச் சொல்லிவிட்டால் மன்னிக்க இடம் உண்டு என்றும், மறைப்பதே தனித் தகுதியின்மையாகிவிடக் கூடும் என்றும் விளக்கினார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கோரும் வழியும் இருந்தது. ஆனால் எங்களிடம் சாட்சி வலுவாக இருந்ததால் விசாரணையையே சந்திக்க முடிவு செய்தோம்.

முதல் வாய்தா அன்று நீதிமன்றத்தில் கண்ட காட்சியை மறக்க முடியாது. பெட்டி கேஸ் என்று அழைக்கப்படும் சிறுவழக்குகளை அன்று காலை ஒன்றாக எடுத்தார்கள். டவாலி பெயர்களைக் கூப்பிட, பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். ரயிலடியில் படுத்திருந்த கட்டடத் தொழிலாளிகள் இருவர், பரோட்டா கடை மாஸ்டர் ஒருவர், வயதான ஒரு லாட்டரி தாத்தா. எல்லாருடைய வழக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதும், கேள்வி முடிவதற்குள் "ஆமாங்கய்யா" என்று பதில் வந்தது. பரோட்டா மாஸ்டரின் கையில் மடித்து மடித்து ஈரமாகிப்போன நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. அவரிடம் பிறகு பேசினேன். இரவுக் கடையை மூடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்ததாகச் சொன்னார். பொது இடத்தில் புகைபிடிப்பதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை விதித்திருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார். குடித்துக் கலகம் செய்ததாக எழுதப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது.

என் பெயர் வந்தபோது, "இல்லைங்க ஐயா, நான் மறுக்கிறேன்" என்றேன். மருமகனும் அதையே சொன்னான். நடுவர் நிமிர்ந்து பார்த்தார், கோபப்படவில்லை. சொந்தப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்தோம். ஆவணங்களின் நகலுக்கு வழக்கறிஞர் மனு கொடுத்தார். மறுப்பது என்றால் இவ்வளவுதான். மறுத்தால் உடனே உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் பலரை ஒப்புக்கொள்ள வைக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் அப்படிச் செய்ய இயலாது.

நகல் கையில் வந்தபோதுதான், நாங்கள் குடிபோதையில் சத்தம் போட்டுப் பொதுமக்களுக்கு இடையூறு செய்ததாக எழுதியிருப்பதைப் படித்தோம். மருமகன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் மடித்து வைத்தான். அன்று அவன் ஓடப் போகவில்லை.

இதற்கிடையே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இரண்டு கேள்விகளை அனுப்பினேன். அந்தச் சாலையில் இரவில் நிற்பதைத் தடை செய்யும் ஆணை ஏதும் அன்று நடைமுறையில் இருந்ததா, இருந்தால் நகல் வேண்டும் என்பது ஒன்று. தடை உத்தரவு என்பது வாய்மொழியாக இருக்க முடியாது. சன்ஹிதாவின் 163ஆவது பிரிவில் பிறப்பிக்கப்படும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. அந்த இரவில் நிலையத்துக் கேமராப் பதிவு வேண்டும் என்பது இரண்டாவது. காவல் நிலையக் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டிருக்கிறது. முப்பது நாள் கெடு முடிவதற்கு முன் பதில் வந்தது. தடை ஆணை எதுவும் இல்லை என்று முதல் கேள்விக்கு எழுதியிருந்தார்கள், இரண்டாவதற்கு மறுப்பு. முதல் பதிலே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் கைப்பேசியில் இருந்த அழைப்புப் பட்டியலும் பார்சல் குறுஞ்செய்தியும் சாட்சியமாகச் செல்ல வேண்டுமென்றால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். சட்ட அட்டவணையில் அதற்குப் படிவம் இருக்கிறது. முதல் பகுதியைச் சாதனத்துக்கு உரியவரும், இரண்டாம் பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். இதற்காக மட்டும் இரண்டு வாய்தாக்கள் போயின. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை; ஆனால் கைப்பேசியை மாற்றியோ அழித்தோ விடாதீர்கள்.

காவல் தரப்புச் சாட்சி இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை வந்தார். எங்கள் வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. குடித்திருந்தார்கள் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பிச் சான்று வாங்கினீர்களா? இல்லை. ஊதிப் பார்க்கும் கருவி வாகனத்தில் இருந்ததா? இருந்தது. பயன்படுத்தினீர்களா? இல்லை. ஒன்று நாற்பது மணிக்கு அங்கே இடையூறுக்கு உள்ளான பொதுமக்கள் யார்? பெயர் தெரியாது. பிறகு எங்கள் தரப்பில் ஓசூர் வண்டியின் ஓட்டுநர் சாட்சி சொன்னார். ஒரு நாள் பணியை விட்டுவிட்டு, தன் செலவில் வந்திருந்தார். ஒன்று ஐம்பத்திரண்டு முதல் மூன்று முறை அழைத்ததையும், ஆள் இல்லாததால் பெட்டியைத் திருநெல்வேலியில் இறக்கியதையும் சொன்னார். "பதினோரு வருசமா அந்த இடத்துல இவர் நிக்காத நாளே கிடையாதுய்யா" என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இருவரும் விடுதலை. வழக்கறிஞர் வாழ்த்துச் சொல்வதற்கு முன், தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கத்தான் ஓடினார். அதே நாளில் நகல் மனு போட்டு, இரண்டு வாரத்தில் சான்றிட்ட நகலை வாங்கினோம். குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்றும், அவர்கள் தொழில் நிமித்தமாகவே அங்கு நின்றது நிரூபணமாகிறது என்றும் நடுவர் எழுதியிருந்தார். 'சந்தேகத்தின் பலன்' என்ற சொற்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதை மருமகன் விரலை வைத்து வரி வரியாகச் சரிபார்த்தான்.

அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது, வழக்கு இருந்ததா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதி, இந்த நகலை இணைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அது ஏற்கப்படும் என்றே வழக்கறிஞர் நம்புகிறார். அவன் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டான். ரோஜா வண்டிக்கு இப்போது நான் மட்டும்தான் போகிறேன். அதே விளக்குக் கம்பத்தின் கீழ்தான் நிற்கிறேன்.