பர்சென்ட் அப்புறம், முதலில் இது என்ன வேர்?

சேலத்தில் மூலிகை சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்காரர்களிலிருந்து ஏற்காட்டு மிளகுத் தோட்டக்காரர்கள் வரை எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சத்து எத்தனை பர்சென்ட் இருக்கு, பாத்துச் சொல்லுங்க". இப்போது சர்க்கரைக்கு நல்லதாம் என்று ஹுவாங்லியன் என்கிற சீன மூலிகைப் பொடியை ஆன்லைனில் வாங்கிக்கொண்டும் வருகிறார்கள். அதற்கும் இதே கேள்விதான்.

ஹுவாங்லியன் என்பது காப்டிஸ் செடியின் வேர்த்தண்டு. நல்ல மஞ்சள், கடும் கசப்பு. மஞ்சளுக்குக் காரணம் அதில் உள்ள பெர்பெரின் என்கிற வேதிப்பொருள். அதே பெர்பெரின் நம் மரமஞ்சளிலும் இருக்கிறது, சீனர்களின் ஹுவாங்பாய் பட்டையிலும் இருக்கிறது. பொருள்களைப் பிரித்து அளக்கிற ஹெச்பிஎல்சி கருவியில் பெர்பெரினை மட்டும் அளந்தால் மரமஞ்சள் பொடியும் ஒரு எண்ணைக் கொடுக்கும், அந்த எண்ணை நம்பி ஹுவாங்லியன் என்று சீட்டு ஒட்டிவிடலாம். இதனால்தான் 2020 சீன மருந்தியல் நூல் (மருந்துகளின் தரத்துக்கான அரசு நூல்) ஹுவாங்லியனின் முக்கிய ரகத்துக்கு நான்கு பொருள்களைக் கேட்கிறது: பெர்பெரின் குறைந்தது 5.5%, காப்டிசின் 1.6%, பால்மட்டின் 1.5%, எபிபெர்பெரின் 0.8%.

அளப்பதற்கு முன்பே, சாற்றில் உள்ள பொருள்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டுகிற டிஎல்சி தகட்டில் பாதி விஷயம் தெரிந்துவிடும். சாற்றைச் சிலிக்கா தகட்டில் கோடு போட்டு, பக்கத்திலேயே அடையாளம் உறுதியான மூலிகையின் சாற்றையும் போட்டு ஓடவிட்டு, 366 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், இருட்டில் பளீரென்று மஞ்சள் பட்டைகள் எழும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசவே மாட்டார்கள். பெர்பெரின் பட்டை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்று, காப்டிசின் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் மைக்ரோஸ்கோப். குளோரல் ஹைட்ரேட் விட்டுச் சூடாக்கினால் பொடி தெளிந்துவிடும். மரமஞ்சள் மரம்போல் கட்டை பாய்ந்த கொடி, அதனால் நீர் கடத்துகிற அகலமான மரக்குழாய்த் துண்டுகள் காட்டிக் கொடுத்துவிடும். எனக்குக் கூடத்திலேயே மிகவும் பிடித்த வேலை இதுதான், விலையுயர்ந்த எந்தக் கருவியும் இந்த இடத்துக்கு வராது.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் கதையைத்தான் சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க ஒரு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையில் ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா வேர் இருக்க வேண்டும். சீனத்தில் அதற்கும் 'ஃபாங்ஜி' என்றுதான் பெயர், அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வேருக்கும் 'ஃபாங்ஜி' என்றுதான் பெயர். மூட்டையில் வந்தது இரண்டாவது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பின்னால் சோதித்தபோது பல பொடிகளில் ஸ்டெபானியாவில் இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரின் என்கிற பொருளே இல்லை. வந்த மூட்டையில் முதலிலேயே ஒரு தகடு போட்டுப் பார்த்திருந்தால் போதும்!

நம் தரிசில் கிடக்கிற ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். யாராவது சொன்னார்கள் என்று அரைத்துக் குடிக்காதீர்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை: ஈரம், சாம்பல், கிருமி, பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின். அமிலத்தில் கரையாத சாம்பல் கூடினால் மண், மணல் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈயத்துக்குச் சீன வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம், நம் ஆயுர்வேத மருந்தியல் நூலில் 10. ஏற்றுமதி செய்கிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சரக்கு அனுப்புகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அரைப்பதற்கு முன்னால் ஒரு கைப்பிடி முழு வேரை எடுத்து, வாங்கிய இடமும் தேதியும் எழுதிய காகிதப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பொடியில் நாங்கள் மணிக்கணக்காகத் தேடுவதை முழு வேரில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.