நான்காவது வார்த்தையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள்

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், பகல் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். லூக்கா சுவிசேஷத்தில் மூன்று, யோவானில் மூன்று. மத்தேயுவும் மாற்கும் தருவது ஒன்றே ஒன்று, அதுவே நான்காவது வார்த்தை: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

பிரசங்கம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். "பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கூக்குரல் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. மொத்தம் 31 வசனங்கள். 18-ஆம் வசனத்தில் வஸ்திரத்துக்குச் சீட்டுப்போடுகிறார்கள். 24-ஆம் வசனமோ தேவன் உபத்திரவப்பட்டவனுக்குத் தம் முகத்தை மறைக்கவில்லை என்கிறது. ஆகவே சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள், மெதுவாக. ஐந்து நிமிடம் போதும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: "சங்கீதத்தைத்தான் சொன்னார்" என்று அந்த வேதனையைக் கரைத்துவிடுவது. கூடாது. மாற்கு அதை அராமிய மொழியிலேயே, "எலோயீ" என்று பதிந்து வைத்திருக்கிறார். கைவிடப்பட்டவரின் நிஜமான குரல் அது. மரணப்படுக்கையருகே உட்கார்ந்திருக்கும் விசுவாசிக்கு இதுவே பெரிய ஆறுதல்: அந்த இருளுக்குள்ளும் கிறிஸ்து போயிருக்கிறார்.

இன்னொன்று. கோபமான பிதா, பலியான குமாரன் என்று இருவரையும் பிரித்துக் காட்டாதீர்கள். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துதான் உலகத்தை ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 5:19). ஆறாவது வார்த்தையான "முடிந்தது" என்பதை அந்த வசனத்தோடு சேர்த்துப் பிரசங்கியுங்கள்.