வீட்லயே அடைஞ்சு கிடக்கிறப்ப என்னதான் செய்றது

வெளிய போக முடியாத நாள்ல உருப்படியா என்ன செய்யலாம்னு யார்கிட்ட கேட்டாலும் ஆன்லைன் கோர்ஸ் படி, புது பாஷை கத்துக்கோ, யோகா பண்ணுன்னு சொல்லுவாங்க. என் சித்தப்பா பையன் பைக்ல இருந்து விழுந்து கால்ல மாவுக்கட்டோட கட்டில்ல கிடக்கான், பாக்க வர்ற அத்தனை பேரும் ஆப்பிளை கையில குடுத்துட்டு இதையேதான் சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. கோர்ஸ் படிக்க வீட்ல அடைஞ்சு கிடக்கணுமா என்ன, பஸ்ல ஜன்னலோர சீட்டு கெடச்சா அங்கயே படிக்கலாம். ஆனா பகல் முழுக்க வீட்ல ஆள் இருந்தாத்தான் நடக்கும்ங்கற வேலைகள் கொஞ்சம் இருக்கு, வேலைக்குப் போய்ட்டு வர்ற நாள்ல அதெல்லாம் நெனச்சுக்கூட பாக்க முடியாது. அடைஞ்சு கிடக்கும்போது மொதல்ல அதை எடுங்கங்கறதுதான் என் கட்சி.

2020 ஊரடங்குல இருந்தே நான் இப்படித்தான். மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு தமிழ்நாட்டுல 144 போட்டாங்க, அன்னைக்கு ராத்திரியே நாடு முழுக்க பூட்டியாச்சு. கொஞ்ச நாள் எல்லாரையும் மாதிரி டால்கோனா காபி கலக்குனோம் (கை வலிச்சதுதான் மிச்சம்), தூர்தர்ஷன்ல மறுபடி போட்ட ராமாயணத்த பாத்தோம், ஒண்ணுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் ஆல் பாஸ்னு சொல்லிட்டதால புள்ளைங்களுக்கு படிக்கவும் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஏப்ரல் வெயில் ஏற ஆரம்பிச்சதும் அம்மா மொட்டை மாடியப் பாத்துட்டு, இம்புட்டு வெயில சும்மா விடுறோமேன்னாங்க.

வத்தல் போடுறதுல வேலை கொஞ்சம்தான், காவல்தான் ஜாஸ்தி. பச்சரிசி மாவுல கொஞ்சம் ஜவ்வரிசி சேத்து, உப்பும் அரைச்ச பச்சமிளகாயும் போட்டு கூழா காய்ச்சி, இறக்குனதும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, வெயில் ஏறுறதுக்குள்ள பழைய வேட்டில பிழிஞ்சு விட்றணும். உப்பு மட்டும் நாக்குக்கு ஒரு மாத்து கம்மியா இருக்கணும், காஞ்சதும் கரிப்பு ஏறிக்கும். ஒரு பகல் காஞ்ச பிறகு துணியத் திருப்பிப் போட்டு பின்பக்கம் தண்ணி தெளிச்சா பிட்டு பிட்டு வந்துரும், அப்புறம் தாம்பாளத்துல போட்டு மறுபடியும் கலகலன்னு ஆகுற வரைக்கும் காய வைக்கணும். இதுக்கு நடுவுல காக்கா, அணில், திடீர்னு கூடுற மேகம், பக்கத்து வீட்டுப் பையனோட பந்து. வேலைக்குப் போறவங்க வீட்ல இது எப்படிங்க நடக்கும்? கடையில பாக்கெட் வாங்குறது சோம்பேறித்தனம்னு சொல்றவங்களுக்கு இதுதான் என் பதில், வீட்ல காக்கா ஓட்ட ஆள் இல்ல, அவ்வளவுதான்.

மோர்மிளகா இன்னும் பொறுமை கேக்கும். காம்பு கிள்ளாம மிளகாய லேசா கீறி, உப்பு போட்ட புளிச்ச தயிர்ல ஊற வச்சு, காலைல எடுத்து வெயில்ல போட்டு சாயங்காலம் திரும்ப அதே தயிருக்குள்ள போடணும், தயிர் மொத்தமும் மிளகாய்க்குள்ள ஏறுற வரைக்கும் தினமும் இதே கதை. மணத்தக்காளி, சுண்டக்காயும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த வருசம் போட்ட மோர்மிளகா மழைக்காலம் வரைக்கும் வந்துச்சு, ரசஞ்சோத்துக்கு வேற தொட்டுக்கையே தேடல.

ரெண்டாவது, வீட்ல வயசானவங்க இருந்தா அவங்க பேச்ச போன்ல ரெக்கார்டு பண்றது. இத எல்லாரும் சொல்றாங்க, எப்படிப் பண்றதுன்னுதான் யாரும் சொல்றதில்ல. அப்பத்தா உங்க வாழ்க்கைய சொல்லுங்கன்னு மைக்க நீட்டுனா, என்னத்தடா சொல்றதுன்னு வாய மூடிக்குவாங்க. உங்க கல்யாணத்துக்கு என்ன கொழம்பு வச்சாங்க, யாரு சமைச்சது, மாப்பிள்ள வீட்டுக்காரங்க எதுல வந்தாங்க, அந்த மாட்டுக்குப் பேரு என்னன்னு கேளுங்க, மாட்டுல ஆரம்பிச்சு எந்த வருசப் பஞ்சம் வரைக்கும் போவாங்கன்னு சொல்ல முடியாது. பேசும்போது கையில ஏதாவது வேலை இருக்கணும், பூண்டு உரிக்கிறதோ புளியங்கொட்ட எடுக்குறதோ. அப்படியே பழைய போட்டோ ஆல்பத்தையும் எடுத்து யாரு யாருன்னு கேட்டு பின்னாடி பேர் எழுதிருங்க, மெல்லிசா பென்சில்ல மட்டும் எழுதுங்க, பால்பாயிண்ட் பேனால அழுத்துனா முன்பக்கம் முகத்துல தடம் விழுந்துரும்.

கால் கட்டோட கிடக்கிறவனுக்கு மாடி ஏற முடியாதே, அவனுக்கு நான் சொன்னது தமிழ் விக்கிமூலம். விக்கிப்பீடியா எல்லாருக்கும் தெரியும், இது அதோட பிறந்த பொறப்பு மாதிரி, பழைய புத்தகங்களுக்கான இடம். அரசாங்கம் நாட்டுடைமை ஆக்குன எழுத்தாளர்களோட புத்தகங்கள ஸ்கேன் பண்ணி ஏத்தி வச்சிருக்காங்க, கம்ப்யூட்டரே படத்தப் பாத்து எழுத்தா மாத்தி வச்சிருக்கும், ஆனா அதுல ஏகப்பட்ட தப்பு இருக்கும். துணைக்கால் ர ஆயிருக்கும், புள்ளி காணாமப் போயிருக்கும், ண இருக்க வேண்டிய எடத்துல ன இருக்கும். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அச்சான புத்தகம்னா கேக்கவே வேணாம், அதுல இருக்குற பழைய லை, னை, றா எல்லாம் பாத்து மெஷின் முழி பிதுங்கிரும். ஸ்கேன் படமும் எழுத்தும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒப்பிட்டுப் பாத்து திருத்தி சேமிச்சா அந்தப் பக்கம் சிவப்புல இருந்து மஞ்சளுக்கு மாறும், இன்னொருத்தர் வந்து சரிபாத்தா பச்ச ஆகும். நம்ம மஞ்சளாக்குனத நாமளே பச்சையாக்க முடியாது, அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் புடிக்கும். கம்ப்யூட்டர் இருந்தா வசதி, போன்லயும் முடியும் ஆனா கண்ணு போயிரும்.

இதுல நமக்கு என்ன கெடைக்கும்னு அவன் கேட்டான். காசு கெடைக்காதுடா, ஆனா எழுத்து எழுத்தா பாக்குறதால ஒரு புத்தகத்த இதுக்கு முன்னாடி படிக்காத மாதிரி படிப்பன்னேன். அரை நாள் முனகிட்டு இப்ப சந்திப்பிழை பத்தி எனக்கே பாடம் எடுக்குறான். சும்மா படிச்சா போதும்ங்கறவங்க மதுரைத் திட்டம் தளத்துக்குப் போகலாம், 1998 பொங்கல்ல இருந்து தன்னார்வலர்களே சேந்து சங்க இலக்கியத்துல இருந்து எத்தனையோ நூல்கள தட்டச்சு பண்ணி இலவசமா வச்சிருக்காங்க.

பீரோவுல இருக்குற பேப்பர்களையும் ஒரு நாள் வெளிய எடுங்க. யாருக்கும் புடிக்காத வேலை, எனக்கும்தான். ஆனா ஸ்மார்ட் கார்டுல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், பாங்க் பாஸ்புக்ல வேற இனிஷியல்னு இருக்குறதெல்லாம் மொத்தமா பரப்பி வச்சாத்தான் கண்ணுல படும். நிலம், வீடு இருந்தா பட்டா சிட்டாவும் வில்லங்கமும் இப்ப அரசாங்கத் தளத்துலயே பாத்துக்கலாம், பத்திரத்துல இருக்குற சர்வே நம்பரோட ஒத்துப் போகுதான்னு ஒருதடவ பாத்துட்டா நல்லது. நாமினி பேரும் பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பாலிசில இன்னும் அம்மா பேருதான் இருக்கும்.

செடி வளக்கணும்னா ரோஜாவெல்லாம் வேணாம், அஞ்சறைப் பெட்டில இருக்குற வெந்தயத்த ஒரு தொட்டில தூவி தண்ணி தெளிச்சா ரெண்டு மூணு வாரத்துல கூட்டுக்கு கீரை வந்துரும். கொத்தமல்லின்னா விதைய ரெண்டா ஒடச்சுப் போடணும், கடையில வாங்குன புதினாவுல இலைய கிள்ளிட்டு தண்ட தண்ணில வச்சா வேர் விடும்.

பொழுது போகலன்னு புள்ளைங்க படுத்துச்சுன்னா சாக்பீஸ எடுத்து தரையில ஆடுபுலி ஆட்டம் வரைங்க, மூணு புலி, பதினஞ்சு ஆடு, இருபத்தி மூணு புள்ளி. ஆடெல்லாம் மொத்தமா வச்சு முடிக்கிற வரைக்கும் ஆட்ட நகத்தக் கூடாது, புலி ஒரு ஆட்டத்தான் தாண்டும், ரெண்டு ஆடு வரிசையா நின்னா தாண்ட முடியாது. இத மொதல்லயே சொல்லிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா பாதி ஆட்டத்துல சண்டை வந்துரும். எங்க வீட்ல யாரும் ஆட்டுப் பக்கம் ஒக்கார மாட்டேங்குறாங்க, ஆனா அம்மா ஆடு வச்சு ஆடுனா புலி பொழைக்கிறதில்ல.