பிளஸ் டூ தொடங்கும்போதே பேப்பர்களைச் சரிபார்த்துவிடுங்கள்

ஒருவழியாக என் மகளின் ஆதார் அட்டையிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் ஒரே பெயர் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்கிய அலைச்சல் ஆடி பிறந்த பிறகுதான் ஓய்ந்தது. அவள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். கூடப் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே சிக்கல் இருக்கிறது என்பது ஆதார் மையத்து வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் மகளைப் பிளஸ் டூவுக்கு அனுப்பப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பள்ளி திறந்த முதல் வாரம். புத்தகம் வாங்கியது, பஸ் பாஸுக்கு எழுதிக் கொடுத்தது எல்லாம் தானாக நடந்தன. அப்புறம் வகுப்பாசிரியை ஒரு தாளைக் கொடுத்து, பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அனுப்பினார். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் மாணவியைப் பற்றி என்னென்ன பதிவாகியிருக்கிறதோ அத்தனையும் அந்தத் தாளில் இருந்தன. நிறையப் பேர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு மறுநாள் கொடுத்துவிட்டார்களாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஒரு தாளை நிதானமாக, எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

நாங்கள் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது பயிற்று மொழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு 'ஆங்கில வழி' என்று போட்டிருந்தது. டீச்சரிடம் சொன்னதும் அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் சின்ன விஷயம் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை இட ஒதுக்கீடு இருக்கிறது. நாளைக்கு இவள் டி.என்.பி.எஸ்.சி. எழுதும்போது பள்ளியில் வாங்கிய சான்றிதழ்தான் பேசும்.

பெயர்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. மகளின் பெயரில் ழகரம் வரும். மதிப்பெண் சான்றிதழில் அதற்கு ஆங்கிலத்தில் 'இசட் ஹெச்' போட்டிருக்கிறார்கள். ஆதாரில் வெறும் 'எல்'. போதாததற்குச் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக இருக்கிறது, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி தட்டிவிட்டார். இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. இனிமேல் கேட்பார்கள். நீட், ஜே.இ.இ. விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வு, வங்கிக் கணக்கு, உதவித்தொகை என்று எங்கே போனாலும் முதலில் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

தெரிந்தவர் ஒருவர், "ஆதார் அப்படியே இருக்கட்டும், மார்க் ஷீட்டை மாத்திடுங்க" என்று யோசனை சொன்னார். அந்தப் பக்கமே போகாதீர்கள். மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்தவும் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் தவறில்லை என்றால் அதுதான் அடிப்படை. மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும்.

சரி, ஆதாரைத் திருத்தலாம் என்று மதிப்பெண் சான்றிதழின் அசலை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு லீவு போடவைத்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். டோக்கன் காலையிலேயே தீர்ந்துவிடும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. மறுபடி விடிந்ததும் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை. "இதெல்லாம் செல்லாதும்மா, ஸ்கூல்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். என்ன மாதிரி லெட்டர் என்று கேட்டேன். "அவங்களுக்குத் தெரியும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஹெச்.எம். மேடம் நல்லவர். கேட்டவுடன் பள்ளியின் லெட்டர்பேடில் அழகாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அதைக் கொண்டுபோனால் அதே ஆள், "இந்த ஃபார்மெட் இல்லையே" என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்கென்று ஆதார் ஆணையமே ஒரு படிவம் வைத்திருக்கிறது. லெட்டர்பேடு தேவையில்லை, வெள்ளை ஏ4 தாளில் அச்சடித்தால் போதும். மாணவியின் போட்டோவை ஒட்டி, தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் போட்டோ மேலும் தாள் மேலும் பாதிப் பாதியாக விழ வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். இவ்வளவையும் நான் அந்த ஜன்னலில் தெரிந்துகொள்ளவில்லை, வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவரும் முத்திரை போட்டோ மேல் விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

படிவத்தோடு மறுபடி போனேன். அன்றைக்கு ஜன்னலில் வேறொரு பெண் இருந்தார். இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இதை வாங்கினீங்க? மார்க் ஷீட்ல போட்டோ இருக்கே, இதுவே போதும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியலில், அங்கீகரிக்கப்பட்ட தேர்வு வாரியத்தின் போட்டோ உள்ள மதிப்பெண் சான்றிதழும் இருக்கிறது. முதல் நாளே அவர் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் பிள்ளைக்கு இத்தனை வகுப்புகள் போயிருக்காது. கணக்கில் முதல் பாடத்தில் பாதியை அவள் தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் படித்தாள். கூலி வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவர்கள் எத்தனை முறை வர முடியும்? "யார் சொன்னது செல்லாதுன்னு, பட்டியலைக் காட்டுங்க" என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை போனில் இறக்கி வைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

திருத்தும்போது ஒன்று மறக்காதீர்கள். உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் ஆங்கிலம், தமிழ் இரண்டையும் படியுங்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் தானாக வந்து விழுகிறது. 'இசட் ஹெச்' எல்லாம் சரியாகப் போட்டுவிட்டார், நானும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டேன். மகள்தான் திரையில் விரல் வைத்து, "அக்கா, தமிழ்ல 'ளி' வந்திருக்கு" என்றாள். அந்தப் பெண் அதை அழித்து 'ழி' போட்டார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அவள் மட்டும் பார்த்துச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டில் ஒன்று வீணாகியிருக்கும்.

பதினைந்து வயதானதும் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிப்பது கட்டாயம். 15 முதல் 17 வயதுக்குள் செய்துவிட்டால் அதற்குக் கட்டணம் இல்லை. பிளஸ் டூ தொடங்கும் பிள்ளைகளுக்குச் சரியாக அந்த வயது முடியப் போகிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். எங்களுக்குப் பெயர்த் திருத்தமும் ரேகைப் பதிவும் ஒரே தடவையில் முடிந்தன. அதற்கும் வாசலில் இருந்தவர் பணம் கேட்டார். "ஒப்புகைச் சீட்டுல எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவு தர்றேன்" என்றேன். சீட்டில் கட்டணம் அச்சாகி வரும். எங்கள் சீட்டில் எதுவும் இல்லை, நானும் எதுவும் தரவில்லை. அந்த ஒரு நொடி எனக்குப் பெரிய ஆறுதல். யாராவது வற்புறுத்தினால் 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அட்டை மாறி வந்ததும் வங்கிக் கணக்கில் பெயரை மாற்றினோம், அது ஒரே நாளில் முடிந்தது. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர ஆதாரை அந்தக் கணக்கோடு 'சீடிங்' செய்வது வேறு. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்குக்குத்தான் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பதால், எமிஸில் ஒவ்வொரு வருடமும் எந்தப் பள்ளி என்று சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே விவரம்தான். இடையில் பள்ளி மாறிய பிள்ளைகள் பழைய பள்ளியில் படிப்புச் சான்றை இப்போதே வாங்கிவிடுவது நல்லது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்குத் தரும் முதல் பட்டதாரி சான்றிதழ் அடுத்த தலைவலி. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) தாண்டி மண்டலத் துணை வட்டாட்சியர் வரை போக வேண்டிய விண்ணப்பம், முதல் படியிலேயே நின்றுவிட்டது. நேரில் போய் விசாரித்தால், "பையன் காலேஜ் படிக்கிறான்ல, அப்புறம் எப்படி உங்க பொண்ணு முதல் பட்டதாரி?" என்று கேட்டார்கள். என் மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். டிப்ளமோ பட்டம் இல்லை என்று சொன்னேன், அவன் சான்றிதழையும் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி, "உங்க வீட்டுக்காரர் டி.சி. எங்கே?" அவர் எட்டாவதோடு நின்றவர், வேலை தேடி ஊர் ஊராகப் போனதில் அந்த டி.சி. எப்போதோ தொலைந்துவிட்டது. அவர் படித்த பள்ளிக்கே போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி, படித்ததற்குச் சான்று வாங்கி வந்தோம். அந்தத் தலைமையாசிரியர் தூசி தட்டி எடுத்த பதிவேட்டில், மாமனாரின் கைநாட்டுக்குப் பக்கத்தில் இவர் பெயர் இருந்தது. வீட்டுக்காரர் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

சான்றிதழ் வந்துவிட்டது. ஆனால் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு ஊரே இதற்கு வரிசையில் நிற்கும்போது இந்த டி.சி. பிரச்சினை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அண்ணன் அக்கா இருந்தால் அவர்களுடைய படிப்புச் சான்று, பெற்றோரின் டி.சி. எல்லாவற்றையும் பிளஸ் டூ தொடங்கும்போதே தேடிப் பாருங்கள். சாதிச் சான்றிதழ் எங்களிடம் ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கியது இருந்தது, அதில் சிரமமில்லை. வருமானச் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கி வைக்காதீர்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. மத்திய அரசுத் தேர்வுகளுக்கான ஓ.பி.சி. சான்றிதழும் அப்படித்தான், நிதியாண்டைப் பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஹெச்.எம். மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். பள்ளியிலேயே ஆதார் பதிவு செய்யும் அரசுத் திட்டம் இருப்பதையும், கருவியோடு ஆள் பள்ளிக்கே வருவார் என்பதையும் அவர்தான் சொன்னார். முறை வைத்துத்தான் வருகிறார்களாம், எங்கள் பள்ளிக்கு இன்னும் வரவில்லை. வகுப்பில் பெயர் ஒத்துப்போகாத பிள்ளைகளின் பட்டியலை அம்மாக்கள் நாங்களே எழுதிக் கொடுத்தோம். அதை வைத்து அவர் மேலே கேட்டு, தேதி வாங்கிவிட்டார். உங்கள் பள்ளியிலும் முதலில் இதைக் கேளுங்கள், மையத்துக்கு அப்புறம் போகலாம்.

எங்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி. பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் தயாராகும்போது அச்சடித்துக் கையெழுத்து வாங்குவார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பாடப் பிரிவு, பயிற்று மொழி, போட்டோ என்று அத்தனையையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். நகல் அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.