கல்பூர்னியா எங்கே நிற்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஆங்கில இலக்கியம் நடத்திய காலத்தில், ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை எடுக்கும்போதெல்லாம் நான் ஒரே கதையில்தான் தொடங்குவேன். எங்கள் டர்பன்காரர் சன்னி வெங்கடரத்னம் ரோபன் தீவுச் சிறையில் வைத்திருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பின் கதை. காவலர்கள் பறித்துவிடாமலிருக்க அட்டை முழுக்கத் தீபாவளி வாழ்த்துகளை ஒட்டி, சாமி புத்தகம் என்று சொல்லிவைத்தார். கைமாறிப் போன அந்தப் புத்தகத்தில், சக கைதிகள் தங்களுக்குப் பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். 1977 டிசம்பர் 16 அன்று மண்டேலா கையெழுத்திட்டது சீசரின் பேச்சில்: கோழை சாவதற்குள் பலமுறை சாகிறான், வீரனுக்குச் சாவு ஒருமுறைதான்.

தீபாவளி என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் 'வீரம்' என்று பலகையில் எழுதிவிட்டு மேலே போய்விடுவேன்.

ஒரு வருடம் அந்தக் காட்சியை, இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியை, நடித்தே பார்க்கச் சொன்னேன். (பாடம் முடியாது என்று துறைத்தலைவி முணுமுணுத்தது தனிக்கதை.) சீசரின் சிலையிலிருந்து நூறு துளை வழியே ரத்தம் பீறிடுவதாக அவர் மனைவி கல்பூர்னியா கனவு காண்கிறாள். "எங்க ஆயா கேட்டிருந்தா அன்னைக்கு யாரையும் வாசல் தாண்ட விடமாட்டாங்க, மேம்" என்றான் ஒருவன். பேசியது ஆங்கிலத்தில், பாட்டியைச் சொன்ன 'ஆயா' மட்டும் தமிழ். கனவில் பேசுவது அமாத்லோசி, மூதாதையர், அதில் விளையாடக் கூடாது என்றாள் ஒரு சூலு மாணவி. சீசரைக் கொல்லத் திட்டமிட்ட சதிகாரர்களில் ஒருவனான டீசியஸ் வந்து அதே ரத்தத்துக்கு வேறு பலன் சொல்கிறான்: ரோமுக்கே உயிரூட்டும் ரத்தமாம். கூடவே, இன்று கிரீடம் தரப்போகிறார்கள் என்று ஒரு தூண்டில்.

நடித்துப் பார்த்தபோதுதான் நான் வருடக்கணக்காகத் தாண்டிப்போனது தெரிந்தது. அந்த வீர வசனத்தைச் சொன்ன சீசர், மனைவி மண்டியிட்டதும் வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறார். டீசியஸ் வந்ததும் கிளம்புகிறார். கிளம்பும்போது, "உன் பயம் எவ்வளவு அசட்டுத்தனம், கல்பூர்னியா" என்கிறார். இவரும் சேர்ந்துதானே பயந்தார்! தன்னையே 'சீசர்' என்று படர்க்கையில் சொல்லிக்கொள்வது அதிகமாக அதிகமாக, உள்ளே ஆட்டம் கூடுகிறது. சிறையில் அந்த வரி சத்தியமான வரி; நாடகத்தில் அதைச் சொல்பவர் ஒருமணி நேரம்கூட அதில் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இத்தனை வருடம் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன்.

கல்பூர்னியாவாக நடித்த பெண் நடுவில் நிறுத்தினாள். "மேம், உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்கன்னு ஒரு வரி. அதுக்கப்புறம் எனக்கு வசனமே இல்ல. நான் போயிடணுமா, நிக்கணுமா?"

புரட்டிப் பார்த்தேன். அவள் தனியாக வெளியேறுவதாகக் குறிப்பு எதுவும் இல்லை. சதிகாரர்கள் உள்ளே வருகிறார்கள், சீசர் அவர்களை மது அருந்த அழைக்கிறார், ட்ரெபோனியஸ் கொலை எண்ணத்தைத் தனக்குள் முணுமுணுக்கிறான். அந்த முணுமுணுப்பு பார்வையாளர்களுக்கு மட்டும் கேட்கிறது. கனவு கண்டவள் வாய் திறக்காமல் அங்கேயே நிற்கிறாள். அதன்பின் நாடகத்தில் அவள் வருவதே இல்லை. பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிவதை, தேர்வில் 'நாடக முரண்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அந்த நிற்றலுக்கு என்ன பெயர் சொல்லிக்கொடுப்பது?

"நில்லு" என்றேன்.

"என் அங்கியைக் கொடு" என்றான் சீசர். யார் கொடுப்பது என்றும் பிரதியில் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு பள்ளிக் கோட்டுதான். நாற்காலியில் கிடந்த அதை எடுத்து உதறி, தோளில் மாட்டிவிட்டு, காலரையும் சரிசெய்துவிட்டாள் அந்தப் பெண். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.