புது நோயாளி வார்டுக்கு வந்ததும் முதல் 20 நிமிடம்

நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்ததும் பி.பி. மெஷினைத் தேடி ஓடுவதுதான் புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ்களின் வழக்கம். ஆனால் பார்வை அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரிலிருந்து தானே நகர்ந்து வருகிறாரா, எந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்கிறாரா? இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினால், கேள்விகளை அப்படியே தள்ளிவைக்கிறோம். தலைப்பக்கத்தை உயர்த்தி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) பார்த்து, டாக்டரைக் கூப்பிடுவதுதான் அப்போது வேலை.

அவசரம் இல்லையென்றால் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்காருகிறோம். நின்றபடி கேட்டால் ‘ஆமா’, ‘இல்லை’ என்பதற்கு மேல் வராது. பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்துக் கைப்பட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நாம் பெயரைச் சொல்லி ‘நீங்கதானே?’ என்றால், காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டிவிடுவார்.

முதல் கேள்வி எப்போதும் ‘உடம்புக்கு என்ன பண்ணுது, சொல்லுங்க’ என்பதுதான். கேட்டுவிட்டு நாம் பேசாமல் இருக்க வேண்டும். அந்தச் சில விநாடி மௌனம் பொறுக்காமல் அடுத்த கேள்வியை வீசுவதில்தான் பாதித் தகவல் தொலைகிறது. ‘வலி ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்பது அதைவிட மோசம். அந்த ‘இல்லையே’யிலேயே பதிலை நாம் சொல்லிவிடுகிறோம். ‘காய்ச்சல், இருமல், வாந்தி இருக்கா?’ என்று மூன்றைச் சேர்த்துக் கேட்டால் வரும் ‘இல்லை’ எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது சொற்கள். ‘மயக்கமா இருக்கு’ என்பதை அப்படியே எழுதிவிடக் கூடாது. சுற்றியிருப்பது சுழல்கிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா, வெறும் அசதியா? நான்கையும் ஒரே சொல்லால் சொல்வார்கள், காரணங்கள் வேறுவேறு. கண் இருட்டுகிறது என்றால் 5 நிமிடம் படுக்கவைத்து பி.பி. பார்த்து, நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பார்க்கிறோம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். நிற்க முடியாமல் தள்ளாடினால் பிடித்து உட்காரவையுங்கள். அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

‘வாயு பிடிச்சிருக்கு’ என்பது இன்னும் ஆபத்தான சொல். எங்கே என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நடு நெஞ்சையோ மேல்வயிற்றையோ உள்ளங்கையால் அழுத்திக் காட்டினால், வியர்த்திருந்தால், தாடைக்கோ கைக்கோ பரவினால், வாயு என்று எழுதி முடித்துவிடாதீர்கள். 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வரக்கூடும்.

‘சுகர் இருக்கா?’ என்றால் ‘இல்லை’ என்பார். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதால் அவர் கணக்கில் அது இல்லை. அதனால் மருந்துப் பையை வாங்கிப் பாருங்கள். ஊசி, கண் சொட்டு, இன்ஹேலர், நாட்டு மருந்து எதையும் அவர் ‘மாத்திரை’யில் சேர்க்க மாட்டார்; தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து என்றால் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். அலர்ஜி என்றால் எந்த மருந்து, எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்று மூன்றையும் எழுதுங்கள். வயிறு கலங்கியது ஒன்று, உதடு வீங்கி மூச்சு அடைத்தது வேறு.

கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். நோயாளி குழம்பிப் பேசினால் அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எப்பவுமே இப்படித்தானா, எப்போதிலிருந்து?’ என்பது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்புகிறார் என்றால் அதை வயதின் மேல் போட முடியாது. மது, புகை, மாதவிடாய், வீட்டில் யாருக்காவது பயப்படுகிறாரா என்பதையெல்லாம் அவர்களைச் சற்று வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இனி அளவுகள். எங்கள் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றி எழுதப்படுவது மூச்சு எண்ணிக்கைதான். கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் 18, 20 என்றே இருக்கும். பல்ஸ் பார்க்கிற பாவனையில் மணிக்கட்டைப் பிடித்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே புள்ளி போட்டுக் காட்டும் நியூஸ்2 (NEWS2) அட்டவணையில் மூச்சு 25ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 புள்ளி. பி.பி.யும் சாச்சுரேஷனும் சரியாக இருக்கும்போதே மூச்சு ஏறத் தொடங்கிவிடும்.

பி.பி.க்கு 5 நிமிட ஓய்வு வேண்டும். கால்மேல் கால் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் தாங்கலில் இருக்க வேண்டும், பேச்சு கூடாது. கஃபுக்குள் (கையில் சுற்றும் பட்டைக்குள்) இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சூழ வேண்டும். பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் அளவு பொய்யாக ஏறும். சாச்சுரேஷனுக்கு நகப்பூச்சைத் துடைத்து, குளிர்ந்த விரலைச் சூடாக்கி, அலை சீராக வந்த பிறகே எண்ணை எழுதுங்கள். வயிற்றைத் தொடுவதற்கு முன் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட வேண்டும், அழுத்தினால் குடல் சத்தம் மாறும். வலிக்கும் இடம் கடைசி.

சொல்லும் அளவும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது? ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறவரின் மூச்சு 26 என்றால் எண்ணை நம்புங்கள். ‘வலி பத்துக்கு எட்டு’ என்கிறவர் அமைதியாகப் படுத்திருந்தால் அவர் வாயை நம்புங்கள். நெடுநாள் வலியோடு இருப்பவர்கள் முகத்தில் காட்டுவதில்லை.

எழுதும்போது அவர் சொன்னபடியே எழுதுங்கள். ‘நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி, காலைல ஆறு மணிலேர்ந்து’ என்பதை ‘நெஞ்சு அசௌகரியம்’ என்று சுருக்கினால் நேரமும் தன்மையும் போய்விடும்.

எழுந்திருக்கும் முன் ‘வேற ஏதாவது சொல்லணுமா?’ என்று ஒருமுறை கேளுங்கள். ‘ஒண்ணுமில்ல சிஸ்டர், ரெண்டு நாளா வெளிக்குக் கறுப்பா போகுது’ என்பது அப்போதுதான் வரும். அது உள்ளே ரத்தம் கசிவதாலும் இருக்கலாம், இரும்புச்சத்து மாத்திரையாலும் இருக்கலாம். தார் மாதிரி ஒட்டுகிறதா, அந்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டு, பல்ஸை மறுபடி முழு நிமிடம் எண்ணி, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும்.