சமக்குறிக்கு அந்தப் பக்கம்

எட்டாம் வகுப்புக்கு நேரிய சமன்பாடு நடத்தி முடித்த வாரம். ஓர் எண்ணின் இரண்டு மடங்கோடு 3 கூட்டினாலும், அதே எண்ணோடு 8 கூட்டினாலும் ஒன்றுதான். அந்த எண் எது? வகுப்பில் ஒரு பெண் எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவந்து, 3ஐ அந்தப் பக்கம் தள்ளி, குறியை மாற்றி, 5 என்று அழகாக எழுதிவிட்டாள். முழு மதிப்பெண். அதோடு நான் விட்டிருக்கலாம். "5ஐப் போட்டுச் சரிபாரும்மா" என்றேன்.

ஐந்தின் இருமடங்கு பத்து, அதோடு மூன்று, பதின்மூன்று. எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் எதுக்கு சார்? அதான் விடை வந்துடுச்சே."

கரும்பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதினேன். கட்டத்துக்குள் 12 போட்டாள். வகுப்பில் பாதிக்கு மேல் 12தான். ஒருவன் கடைசி 5ஐயும் விடாமல் கூட்டி 17 என்றான்.

வாய்ப்பாடு தெரியாததால்தான் ஆறு, ஏழு, எட்டில் கணக்கு வரவில்லை என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவளுக்கு வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. சமக்குறி மட்டும் அவளுக்குக் கால்குலேட்டர் பொத்தான். அழுத்தினால் விடை வரவேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை போட்ட கணக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தானே இருந்தன? அதனால்தான் 3 × 4 = 12 + 5 = 17 என்று ஒரே வரியில் கோத்துக்கொண்டே போகிறார்கள். விடை சரியாக இருப்பதால் நாமும் டிக் போட்டுவிடுகிறோம். 1557இல் வேல்ஸ் நாட்டுக் கணிதர் ராபர்ட் ரெக்கார்ட் இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாகப் போட்டது, அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் வேறில்லை என்றுதான். அது ஐந்தாம் வகுப்புக்குள் எங்கோ தொலைந்துபோகிறது.

1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதே கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டார்கள். ஒருவர்கூடச் சரியான விடையான 7ஐ எழுதவில்லை. படித்தபோது அற்ப ஆறுதலாக இருந்தது. நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை, என் கோளாறும் இல்லை. அப்புறம் தோன்றியது: அவர்களுடையது ஆறாம் வகுப்பு, இவள் எட்டு.

ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சிரித்துவிட்டார். "மூணு வகுப்பை ஒரே அறையில வெச்சுக்கிட்டு இருக்கேன் சார். தராசு வரைஞ்சு சமம்னா என்னன்னு நடத்தினா, கடன் வாங்கிக் கழிக்கிறதை யார் நடத்துறது?" பதில் இல்லை. ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி என்றும் ஒப்ப முடியவில்லை. தராசுக்கு ஒரு பீரியடுக்கு மேல் ஆகாது. சொல்லப்போனால் நானும் தராசு வரைந்துதான் பாடத்தை ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று வந்துவிட்டேன். தராசில் ஒவ்வொரு படியாகப் போனால் மெல்லக் கற்பவர்கள் வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். குறி மாற்றிப் போட்டால் அவர்களும் விடைக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒரு சமன்பாடுகூடப் போடத் தெரியாமல் போகலாமா? இன்றைக்கும் அந்தக் குறுக்குவழியைச் சொல்லித்தான் கொடுப்பேன். ஆனால் அவள் பேனாவை மூடியது நினைவுக்கு வந்தால், அவளுக்குத் தெரிந்தது சமன்பாடுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் முதல் வேலையாக அதே கட்டத்தைப் போட்டேன். ஒரு பையன் உடனே 7 என்றான். குஷியாகிவிட்டது. எப்படி என்று கேட்டேன்.

"டியூஷன்ல சொன்னாங்க சார். கட்டத்துக்குப் பக்கத்துல கூட்டல் இருந்தா, கடைசி நம்பரைக் கழிச்சிடணும்."


அவன் நோட்டில் டிக் போடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.